நில் என்னும் ஊர்

புலம்பெயர்ந்தோர் என்றவுடன் மெல்பேர்ண், சிட்னி, ரொறன்ரோ ஆகிய பெருநகரங்களே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் குடிவரவு ஓர் ஊரைத் தூக்கி நிறுத்துவதைக் காண விரும்புவோர் சிற்றூர்களையே நோக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மெல்பேர்ணுக்கும் அடிலெயிட்டுக்கும் நடுவழியில், கோதுமை வயல்களிடையே ஓர் ஊர் உண்டு. அதன் பெயரை உச்சரித்தால் தமிழில் 'நில்' என்றே ஒலிக்கும். இளையோரோ அங்கு நிற்கவில்லை. படிப்புக்கும் தொழிலுக்குமாக நகரங்களுக்குப் போய்விட்டனர். அங்கிருந்த வாத்து இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலையாட்கள் கிடைக்கவில்லை. வேலையின்றித் தேயும் ஊர்களைப் பற்றிப் பத்திரிகையாளர் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். இதுவோ வேலையிருந்தும் ஆளின்றித் தேய்ந்த ஊர்.

2010இல் தொழிற்சாலை நிர்வாகம் மெல்பேர்ணின் புறநகரான வெரிபியில் வாழ்ந்த கரேன் அகதிகளை நாடியது. பர்மாவிலிருந்து தப்பி, தாய்லாந்து எல்லை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த மக்கள் அவர்கள். முதலில் வந்தோர் ஒரு சிலரே. ஐந்தாண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 160 ஆனது. சுமார் 2,000 பேர் வாழும் ஊரில் இது சிறு தொகையன்று. அவர்கள் வரவால் அப்பிரதேசத்தின் பொருளாதாரத்துக்கு 4 கோடியே 15 இலட்சம் டொலர் சேர்ந்ததாக, 2015இல் வெளியான டெலோயிட் ஆய்வு மதிப்பிட்டது.

அத்தொகையிலும் பார்க்க என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஆட்களை அழைக்குமுன் தொழிற்சாலையின் முகாமையாளர் ஊரவரிடம் பேசி, அவர்களை ஆயத்தப்படுத்தினார். வந்தவர்கள் குடும்பங்களாக வேரூன்ற வழிசெய்தனர். கூலிக்கு ஆள் பிடிப்பது வேறு, அயலவரைத் தேடுவது வேறு. தேயிலைக்கும் கோப்பிக்குமென ஆட்களைக் கொண்டுவந்து, பின்னர் 1948இல் சட்டமியற்றி அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கிய தேசத்திலே பிறந்த எமக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

குயின்ஸ்லாந்தின் பிலோயீலாவிலும் ஓர் இறைச்சித் தொழிற்சாலை உண்டு. அங்கு வேலைசெய்த ஈழத்தமிழர் ஒருவரையும் அவர் மனைவியையும், அந்நாட்டிலேயே பிறந்த இரு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச்சில், விடியும் வேளையில் அதிகாரிகள் கொண்டுபோயினர். கிறிஸ்மஸ் தீவுவரை அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். ஊரவர் ஓயவில்லை. நான்கு ஆண்டுகள் போராடி, 2022 ஜூனில் அக்குடும்பத்தை ஊருக்கு மீட்டெடுத்தனர். ஓகஸ்டில் நிரந்தர வதிவுரிமையும் கிடைத்தது.

எம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் ஒரு பெருநகரத் தெருவிலிருந்து அவர்களைக் கொண்டுபோயிருந்தால், அடுத்த வீட்டுக்காரருக்காவது தெரிந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.