பவளத்துக்கு எந்த விளக்கு?

பெருநகரில் மீன்தொட்டி வைத்திருப்பவன் என்பதால், பவளம் வளர்க்க எந்த விளக்கு நல்லது என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு.

பவளம் செடியன்று, உயிரினக் கூட்டம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவு சமைத்து அதற்கும் ஊட்டுகின்றன. கடல்நீர் செவ்வொளியை முதலில் விழுங்கிவிடும். ஆழம்வரை இறங்குவது நீலம். ஆகவேதான் பவளத்தொட்டிகளுக்கு நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்குகள். நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கவேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாமல் அது நடவாது. சூடு நீடித்தால் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடலே சூடேறி அப்படித்தான் வெளுத்தது.

இத்தனையும் சொன்ன பிறகே அடுத்ததைச் சொல்வேன். கற்பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

நண்பர்களின் முகம் வாடும். ஒரு துண்டுதானே என்பார்கள். சுண்ணாம்புக்காகத் துண்டுதுண்டாக வெட்டியெடுத்ததில்தான் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் அரண் இழந்து, கடலரிப்பில் நீருக்குள் போயின. அந்த நீல ஒளியின்மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்தத் தீவுகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டபின் விளக்கின் விலையை நான் விசாரிப்பதில்லை.