வருங்காலத்தைக் குறித்த மூவகைப் பேச்சு

1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், பாரிஸ் நகரின் 'லெ ஃபிகாரோ' நாளிதழின் முதற்பக்கத்தில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி ஓர் அறிக்கை வெளியிட்டார். அருங்காட்சியகங்கள் அழிய வேண்டும், வேகமே புதிய அழகு, போரே உலகைத் தூய்மையாக்கும் என்பன அதன் சாரம். எதிர்காலவாதம் என்னும் பெயர் கலையுலகில் புகுந்தது இவ்வாறே. அவர்கள் விரும்பிய போரும் வந்தது. அவ்வியக்கத்தின் சிறந்த சிற்பி பொச்சோனி, 1916-இல் படைப்பயிற்சியின்போது குதிரையினின்று வீழ்ந்து 33 வயதில் மாண்டார். மோட்டார் வண்டியைப் போற்றிய கூட்டத்தாருக்குக் குதிரையால் முடிவு! கட்டடக் கலைஞர் சாந்தேலியா அதே ஆண்டில் போர்முனையில் உயிர்நீத்தார். அவருக்கு வயது 28.

கணிப்போர் பேசும் எதிர்காலவியல் வேறு. 'கிளப் ஆஃப் ரோம்' என்னும் அறிஞர் குழுவின் வேண்டுகோளின்படி, 1972-இல் ஆய்வாளர் சிலர் கணிப்பொறியின் துணைகொண்டு 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் நூலை வெளியிட்டனர். மக்கட்பெருக்கம், உணவு, தொழில், மாசு, இயற்கை வளம் ஆகியவை அன்றைய போக்கிலேயே செல்லுமாயின், நூறாண்டுக்குள் வளர்ச்சி தன் எல்லையைத் தொடும் என்றனர். 'செல்லுமாயின்' என்னும் சொல்லை வாசகர் கவனிக்க வேண்டுகின்றோம். அதை நீக்கிவிட்டால் கணிப்பு சோதிடமாகிவிடும்.

இறைவாக்கினர் யோனாவின் கதையும் இத்தகையதே. 40 நாளில் நினிவே அழியும் என்றார். மக்கள் மனந்திரும்பினர், நகர் பிழைத்தது. தம் சொல் நிறைவேறவில்லையே என்று சினந்து, அவர் ஊருக்கு வெளியே குடிசை போட்டு அமர்ந்துகொண்டார். விவிலியத்தில் இதனினும் நகைப்புக்குரிய இடம் அரிது என்பது நம் எண்ணம்.

மறைநூல் விளக்கத்திலும் இதே பெயர் வழங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு ரிபேரா, திருவெளிப்பாட்டு நூலின் தொடக்கத்தை ஆதித் திருச்சபைக்கும், எஞ்சிய பெரும்பகுதியை உலக முடிவையொட்டிய மூன்றரை ஆண்டுகளுக்கும் உரியதென விளக்கினார். அதே நாட்டவரும் அதே சபையினருமான அல்கசாரோ, பெரும்பகுதி ஆதித் திருச்சபைக் காலத்திலேயே நிறைவேறிற்று என்றார். இவ்விரண்டில் ஒன்றை விசுவாசக் கோட்பாடாகத் திருச்சபை அறிவித்ததில்லை. அந்நாளையும் வேளையையும் தாமும் அறியார் என ஆண்டவரே மொழிந்திருக்க (மாற்கு 13:32), தேதி குறிப்போருக்கு அவ்வறிவு எங்கிருந்து வந்ததோ!

இதனை எழுத நம்மைத் தூண்டியவன் நம் பங்கின் மாணவன் ஒருவன். உலக முடிவுக்கு ஆண்டு குறித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை மூடி வைத்துவிட்டான். கண்ணீரோடு வந்த தாயின் அருகில் நின்று, "எல்லாம் முடியப்போகும்போது பரீட்சை எதற்கு, சாமி?" என்றான். நாம் வாதிடவில்லை, நான்கே அதிகாரமுள்ள யோனாவின் நூலைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் மாலை தனியே வந்தான். "ஊர் பிழைத்ததற்கு அவருக்கு ஏன் சாமி அவ்வளவு கோபம்?" என்று கேட்டான். இரவு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். தேர்வுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது.