பைக்ல போச்சு, கார்ல வலிக்குது

எங்க மாமா காரைக்குடியில டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுறார். கானாடுகாத்தான் பங்களா, ஆத்தங்குடி டைல்ஸ், பிள்ளையார்பட்டி கோயில், இதுதான் ரூட். சவாரி நாள்ல ஒரு சொட்டு தொடமாட்டார். ஆனா ஒரு கல்யாண வீட்டுல குடிச்சிட்டு பைக்ல திரும்பும்போது போலீஸ் ஊதச் சொல்லிட்டாங்க.

100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு முன்னாடி முதல் தடவைக்கு 2,000 ரூபாய் வரைதான் அபராதம், இப்ப 10,000. அதை எப்படியோ புரட்டிட்டார். லைசென்ஸ் 3 மாசம் சஸ்பெண்ட் ஆனதுதான் அடி. "மாட்டுனது பைக்லதானடா, காருக்கு எதுக்கு?"ன்னு என்கிட்ட கேட்டார். ரெண்டுக்கும் ஒரே கார்டு மாமா, வேற என்ன சொல்ல?

டிசம்பர், ஜனவரிதான் இங்க சீசன். வண்டி ஓனர் "பக்கத்துல தானப்பா, யாரு பாக்கப்போறா"ன்னு சாவியை நீட்டினார். சஸ்பென்ஷன்ல ஓட்டினா 182-வது பிரிவுல 3 மாசம் வரை ஜெயில்னு நான் போன்ல காட்டினேன். இஞ்சினியரிங் படிச்சு இதுக்காவது உபயோகப்பட்டேன். மாமா யோசிச்சார். அத்தை யோசிக்கல. "பின்னாடி உக்கார்றவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்"னு சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எனக்கு மாமா மேல பரிதாபம்தான், ஆனா அன்னிக்கு ரோட்டுல எதிர்ல நான் வந்திருந்தா?

காலம் முடிஞ்சாலும் கார்டு தானா வராது, ரெஃப்ரெஷர் டிரெய்னிங் முடிக்கணும்னும் சட்டத்துல இருக்கு. இருபது வருஷம் ஓட்டினவர் திரும்ப கிளாஸ்ல உக்காரணும். அத்தை அதுக்கு இப்பவே நோட்டு வாங்கி வச்சிருக்காங்க.