ஒண்ணே முக்கால் மணிப் படகு

எங்கள் ஆபீஸில் யார் டூர் கிளம்பினாலும் பிளான் போட்டுக் கொடுப்பது அடியேன்தான். காசி, ராமேஸ்வரம், குலுமணாலி எல்லாம் என் கைப்பட எழுதின பேப்பரோடு போய் வந்திருக்கிறார்கள். நான்தான் எங்கேயும் போனதில்லை. சமையல்காரனுக்குப் பசிக்காது என்பார்களே, அந்த மாதிரி.

போன வருஷம் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டெண்ட் ரிட்டையர் ஆனார். வெளிநாட்டில் இருக்கிற மகன் அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். ஸ்வீடன் தலைநகரம் ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இறக்கிவிடுகிற கப்பல்.

"காலையில எட்டு மணிக்கு ஸ்டாக்ஹோம்ல இறங்குறோம்யா. அஞ்சு மணிக்குக் கப்பல். நடுவுல ஊரைப் பார்த்துடணும். வழக்கம்போல ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு" என்றார்.

ஸ்டாக்ஹோமை நான் மேப்பில்கூட உற்றுப் பார்த்ததில்லை. ஆனாலும் சூப்பிரண்டெண்ட் சொல்லிவிட்டாரே! ரெண்டு ராத்திரி செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். பதினாலு தீவுகள் மேல் கட்டின ஊராம். காம்லா ஸ்தான் என்று பழைய நகரம், அங்கேயே அரண்மனை, நோபல் பரிசு விருந்து நடக்கிற டவுன்ஹால், வாஸா மியூசியம்... மொத்தம் ஏழு இடம். இடத்துக்கு முக்கால் மணி நேரம், நடுவில் டீக்குப் பத்து நிமிஷம். ரயில்வே டைம்டேபிள் தோற்றது போங்கள்.

பேப்பரைப் படித்த சூப்பிரண்டெண்ட் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாத்ரூமுக்கு எப்போ தம்பி போறது?"

அப்போதுதான் உறைத்தது. வாஸா மியூசியத்தில் இருக்கிறது ஒரு கப்பல். ஸ்வீடன் ராஜா ஆசை ஆசையாகக் கட்டின போர்க்கப்பல். 64 பீரங்கி, உடம்பெல்லாம் சிற்பம். 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி முதல்தடவையாகக் கிளம்பி, ஒரு மைல்கூடப் போகவில்லை. காற்று கொஞ்சம் தள்ளியதும் சாய்ந்து, துறைமுகத்திலேயே மூழ்கிவிட்டது. மேலே பாரம் அதிகம், கீழே எடை போதவில்லை. 333 வருஷம் கழித்து 1961-ல்தான் தூக்கினார்கள். என் பிளானும் அதே ஜாதி. மேலே ஏற்றிக்கொண்டே போயிருந்தேன்.

உடனே கிழித்துவிட்டுத் தலைகீழாக ஆரம்பித்தேன். ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் அதற்கு ரொம்ப முன்னாலேயே கதவை அடைத்துவிடுவார்கள். பெட்டி படுக்கையோடு துறைமுகம் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஆகவே ஊர் சுற்றல் மூன்று மணிக்கே முடிகிறது. சாப்பாடு, வழி தவறுதல், பாத்ரூம் எல்லாம் கழித்தால் மிச்சம் ரெண்டே இடம். வாஸா ஒன்று, பழைய நகரம் ஒன்று. ரெண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் சும்மா. "சும்மா" என்றே எழுதிக் கொடுத்தேன்.

இந்தப் பெருமையை ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்து அளந்துகொண்டிருந்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊர்ல உள்ளவுகளுக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற. எனக்கும் ஒரு நாளுக்கு எழுதிக் குடுடா. தேக்கடியில போட்டுல போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு வயது 74. எங்கள் ஊர் கடமலைக்குண்டு. அங்கிருந்து தேக்கடி சுமார் 90 கிலோமீட்டர். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்!

கடமலைக்குண்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தேனியிலிருந்து க.விலக்கு, கண்டமனூர் வழியாக வருஷநாடு போகிற ரோட்டில் இருக்கிறது. வைகை பிறந்து ஓடி வருகிற பக்கம். மூல வைகை என்று பெயர். பெயர்தான் மூலம், மலையில் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். மேற்கே மேகமலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். இந்தப் பக்கம் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இலவ மரம் வளர்க்கிறோம். அப்பாவுக்கும் முப்பது இலவ மரம் உண்டு. மாமன் வீட்டுக்கு ஒரு மழை, மச்சான் வீட்டுக்கு ஒரு மழையா என்று கேட்டுக் கேட்டே எங்கள் ஊரில் ஒரு தலைமுறை வயதாகிவிட்டது.

அப்பாவின் போட் ஆசைக்குப் பின்னால் இருந்தது இதுதான். எனக்குத்தான் புரியவில்லை. யானை பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, லீவு போட்டு ஊருக்கு வந்து, பேப்பரை எடுத்தேன். கை சும்மா இருக்குமா? வீரபாண்டி கௌமாரியம்மன், குச்சனூர் சனீஸ்வரன், இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், சுருளி அருவி, திராட்சைத் தோட்டம், லோயர் கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபம், கடைசியில் மூன்றரை மணிக்குப் படகு. மறுபடியும் ஏழு!

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கினார். வீரபாண்டி அடி. "சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போறேன்." குச்சனூர் அடி. "சனி என்னைய நல்லாவே பாத்துட்டாரு." சுருளி அடி. "ஆடி அமாவாசைக்குப் போவோம்." பண்ணைப்புரம் அடி. "பாட்டு ரேடியோவுலயே கேக்குது." மிஞ்சியது மணிமண்டபமும் படகும்.

"திராட்சை?"

"வாரப்ப வாங்கலாம். போறப்ப வாங்குனா நாள் பூரா நீயா சுமப்ப?"

ஒரு டூர் பிளானில் இதைவிட நல்ல திருத்தத்தை நான் பார்த்ததில்லை. போகிற வழியில் பார்த்தே ஆக வேண்டியது எது, வருகிற வழிக்குத் தள்ளக்கூடியது எது என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

தேக்கடியில் காலை ஏழரை, ஒன்பதரை, பதினொன்றேகால், மதியம் ஒண்ணே முக்கால், மூன்றரை என்று ஐந்து முறை படகு விடுகிறார்கள். மூன்றரைதான் கடைசி. கடைசிப் படகை நம்பிப் போனால், ஒரு பஸ் பஞ்சர் ஆனாலும் போச்சு. ஆகவே பதினொன்றேகாலுக்குக் குறி வைத்தேன். தவறினால் இன்னும் ரெண்டு படகு கையில் இருக்கிறது. சீசனும் இல்லை, சனி ஞாயிறும் இல்லை; டிக்கெட்டைக் கவுண்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தேனியில் மாறினோம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கே பென்னிகுயிக் பெயர்தான். அங்கிருந்து குமுளி பஸ். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு வயல். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கம்பம், கூடலூர், அப்புறம் லோயர் கேம்ப். ஒன்பது மணிக்கெல்லாம் இறங்கிவிட்டோம்.

2013-ல் திறந்த மணிமண்டபம். உள்ளே பென்னிகுயிக் சிலை. 1887-ல் வேலை ஆரம்பித்து, மலேரியாவிலும் வெள்ளத்திலும் எத்தனையோ உயிர் போய், 1895-ல் முடித்த அணை. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து நிறுத்தி, மலையில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் தோண்டி, கிழக்கே நம் பக்கம் திருப்பினார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பத்து நிமிஷம். பிளான்படி கரெக்ட்!

வெளியே வந்ததும்தான் வம்பு. மலையிலிருந்து நாலு ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. அதில் வருகிற தண்ணீர் பவர் ஹவுஸில் கரண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆறாக ஓடுகிறது. கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார் அப்பா. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அரை மணி. நான் வாட்சைப் பார்த்தேன், செல்போனைப் பார்த்தேன், மறுபடி வாட்சைப் பார்த்தேன்.

"அப்பா, பதினொன்றேகால் போட்டு..."

"போகட்டும்டா."

"எவ்வளவு நேரம்தான் தண்ணியையே பார்ப்பீங்க?"

அப்பா திரும்பவில்லை. "எங்க அய்யா என்னைய ஆத்துல ஊத்துத் தோண்டச் சொல்லுவாரு. அரை நாள் தோண்டுனா ஒரு குடம். அப்பல்லாம் சொல்லுவாரு, மலைக்கு அந்தப் பக்கம் யாரும் தோண்டாமலே தண்ணி ஓடுது பாருன்னு. அவரு பாக்காமலே போயிட்டாரு."

நான் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். பதினொன்றேகால் படகு எங்கள் இரண்டு பேர் இல்லாமலே போயிருக்கும். அதனால் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மலைப்பாதை ஏறிக் குமுளி. ரோட்டின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. சாப்பிட்டுவிட்டு, வனத்துறை பஸ்ஸில் படகுத் துறை. ஒண்ணே முக்கால் படகுக்கு டிக்கெட் கிடைத்தது. ஏறியதும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பர் 30-ம் தேதி இதே ஏரியில் இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அதை நினைத்துக்கொண்டே இறுக்கிக் கட்டினேன். யானை தெரிந்தாலும் சரி, புலி கையசைத்தாலும் சரி, எழுந்து ஒரே பக்கம் ஓடக் கூடாது சார். வாஸா கதை தெரிந்தவன் சொல்கிறேன்.

அப்பா ஜாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார். "உள்ள என்னடா? இலவம்பஞ்சா?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. இலவம்பஞ்சு தண்ணீரில் மிதக்கும், லேசில் நனையாது. ஒரு காலத்தில் உலகம் பூராவும் கப்பல்களில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைத்தது அதைத்தான். செயற்கை ஃபோம் வந்த பிறகுதான் மாறியது. இதைச் சொன்னதும் அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, "எங்க ஊருச் சரக்கு" என்றார்.

ஒன்றரை மணி நேரம். 1895-ல் தண்ணீர் ஏறியபோது மூழ்கின காட்டு மரங்கள் இன்னும் மொட்டைக் கட்டையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம். கரையில் நாலு மிளா, தூரத்தில் காட்டெருமைக் கூட்டம். யானை அன்றைக்கு லீவு. டூரிஸ்ட் படகு அணை வரைக்கும் போகாது என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். அப்பா அதைக் கேட்கவும் இல்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும், "இம்புட்டு இருக்கு. நம்ம பக்கம் மலை குறுக்க நின்னுருச்சு" என்றார். கோபமாக இல்லை. பாகம் பிரித்ததில் தம்பிக்கு நல்ல நிலம் போய்விட்டதைச் சொல்கிற மாதிரி.

கிளம்பப் போகிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை. தேக்கடியானாலும் ஸ்டாக்ஹோமானாலும் ஒரே கணக்குதான். படகு நேரத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வாருங்கள். படகுக்கு முன்னால் ரெண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். வாங்குவது, சுமப்பது எல்லாம் திரும்பி வரும்போது. கடைசிப் படகுக்கு முந்தினதைக் குறி வையுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு மணி நேரத்தை "சும்மா" என்று எழுதி வையுங்கள். கூட வருகிறவர் எதற்காக வந்தார் என்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான் தெரியும்.

சூப்பிரண்டெண்டும் ஸ்டாக்ஹோமிலிருந்து போட்டோ அனுப்பினார். வாஸா இல்லை, அரண்மனை இல்லை. பழைய நகரத்தில் ஏதோ ஒரு பெஞ்சில் அவர் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். கீழே ஒரே வார்த்தை: "சும்மா!"

கூடலூரில் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, யானை பாத்தீகளா?"

"இல்ல."

"புலி?"

"இல்ல."

"பெறகு அம்புட்டுத் தூரம் போயி என்னத்தைத்தான் பாத்தீக?"

அப்பா சொம்பை எடுத்துக் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"தண்ணி."