மிதக்கும் மிளகு

மிளகில் பப்பாளி விதை கலந்து விற்கிறார்கள் என்ற செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க பெரியம்மாகிட்ட வாங்க, காட்டுவாங்க" என்றார் நெசவாளர் நண்பர். சின்ன காஞ்சிபுரத்தில் அந்த அம்மா குடலை இட்லி செய்து விற்கிறார். வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் அதே வகை இட்லி. கோயில் மடைப்பள்ளிக்குள் வெளியார் நுழைய முடியாது. இங்கே அடுப்படியிலேயே உட்கார முடிந்தது.

பச்சரிசியையும் உளுந்தையும் ரவைப் பதத்தில் அரைத்து முந்தின இரவே புளிக்க வைத்திருந்தார். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி மாவை ஊற்றினால், வேக மூன்று மணி நேரம் பிடிக்கும். என் கண் முழுக்க மிளகின் மேல்தான் இருந்தது.

முறத்தில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நீள்வட்டமாக இருந்தவற்றைப் பொறுக்கி எறிந்தார். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டார். பப்பாளி விதை மிதக்கும். உள்ளே சதையில்லாத சண்டு மிளகும் மிதக்கும். தேறியதை உரலில் ஒன்றிரண்டாக இடித்ததும் கூடத்தில் இருந்தவர் தும்மினார். பிறகு சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, வீட்டில் உருக்கிய நெய். சாம்பாரோ சட்னியோ இல்லாமல் தின்கிற இட்லி இது. மிளகும் நெய்யும் மட்டமானால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

கணவர் தறியில் இருந்த காலமெல்லாம் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தவர் இந்த அம்மா. கணவருக்குக் கண் மங்கி தறி நின்றபின் இட்லிக்கு வந்தார். "அசல் ஜரிகையான்னு சுரண்டி உள்ள செவப்பு நூல் தெரியுதான்னு பாக்குற ஊரு தம்பி இது. மொளக யாரு பாக்குறா?"

விற்பனைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்வதில்லை. மதியம் அதே மிளகில் ரசம் வைத்தார். நான் வீட்டில் போடுவதில் பாதிகூடப் போடவில்லை. காரம் தொண்டை வரை இறங்கியது. நல்ல சரக்கு விலை அதிகம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மலைச்சரிவில் பறித்து வெயிலில் காயவைத்தவர் கையை விட்டுப் போகும்போது அது மிளகாகத்தான் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு கிடங்கில் விதை சேர்கிறது. அந்த லாபத்தில் ஒரு காசுகூட விளைவித்தவருக்குப் போவதில்லை. சமைப்பவருக்கும் விலை குறைவதில்லை. வயிற்றுக்குள் போகும் பொருளில் கை வைப்பவனை வியாபாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூளாக்கிவிட்டால் அவனுக்கு இன்னும் வசதி. கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும் சேர்ந்திருப்பதையாவது டப்பாவில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். மிளகுத் தூளில் கலந்த விதையை எந்த எழுத்திலும் போடமாட்டார்கள்.

அடுத்த முறை தூள் பாக்கெட்டை எடுக்காதீர்கள். முழு மிளகாக வாங்கி ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பதில் பப்பாளி விதை இருந்தால் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் மழுப்பினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்.