ஆடுற இன்ஜினை ஆட விடு மாமா!

பைக்குக்கு சைலன்சர் மாத்தினா தெருவே திரும்பிப் பார்க்கும். காருக்கு அலாய் வீல் போட்டா கேன்டீன் வாசல்ல நாலு பேர் விலை கேட்பாங்க. இன்ஜின் மவுண்டிங் மாத்திப் பாருங்க... ஒரு நாய்கூடத் திரும்பாது! பானட்டுக்கு அடியில், எண்ணெயும் புழுதியும் அப்பின இருட்டில், ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் கட்டி. அவ்வளவுதான். எங்க பக்கத்து மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'இன்ஜின் பவுண்டேஷன்'. பேரு மட்டும் கம்பீரம்.

அந்த ரப்பர் கட்டிக்காக எங்க வீட்டில் போன ஏலக்காய் சீசனில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. நடுவர் அத்தை.

மாமாவுக்கு ஊர் போடி. அவரிடம் இருப்பது ஒரு ஃபோர் வீல் டிரைவ் டபுள் கேபின் பிக்கப். விடிவதற்கு முன்னாடி தோட்டத்து ஆட்களை கேபினில் ஏற்றிக்கொண்டு, பின்னால் உர மூட்டையோ டீசல் கேனோ போட்டுக்கொண்டு இடுக்கி பக்கம் ஏறுவார். சாயங்காலம் காய்ந்த ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஆனா அது தார் ரோடு, அது ஒண்ணுமே இல்லை. மெட்டுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினதும் ஆரம்பிக்கும் பாருங்க... பாதைன்னு சொல்ல மனசு வராது. பாறாங்கல், மழைத்தண்ணி அரிச்ச பள்ளம், வழுக்குற செம்மண். ஃபோர் லோ போட்டு, முதல் கியரில், நடக்கிற வேகத்தில் ஏறணும். நம்மாளுங்க லட்சக்கணக்கில் செலவு பண்ணி 'ஆஃப்ரோடிங்' போவாங்களே, அதை மாமா வாரத்துக்கு ஆறு நாள் பிழைப்புக்காகப் பண்றார்.

அந்த வண்டிதான் ஒருநாள் 'டக்' என்றது. கிளட்சை விடும்போது ஒரு டக். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் இன்னொரு டக். கியர் லீவர் தானா ஒரு விரல் அளவு நகரும். ஏத்தத்தில் ஃபேன் போய் அதன் கவரை 'சர்ர்'ரென்று உரசும். எல்லாத்துக்கும் மேல நடுக்கம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வர்ற ஒரு ஜீப் ரெண்டா தெரியும்.

மாமாவுக்கு வயசு 52. முப்பது வருஷமா ஸ்டீயரிங் பிடிச்ச கை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா வலது கை விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது, டீ கிளாஸைப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்லைன்னு அத்தைகிட்ட மட்டும் சொல்லியிருக்கார். டாக்டர் நரம்புன்னு சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்துட்டு, "நடுங்குற எதையும் ரொம்ப நேரம் பிடிக்காதீங்க" என்றாராம். டிரைவர்கிட்ட சொல்ற யோசனையா இது?

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் செய்த சோதனை ரொம்ப எளிது. பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அமுக்கிக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடச் சொன்னார். அவர் நின்றது வண்டிக்குப் பக்கவாட்டில். நீங்க பண்ணிப் பார்த்தாலும் அங்கேதான் நிக்கணும், முன்னால நிக்கவே கூடாது. கிளட்ச் பிடித்த அந்த நொடியில் இன்ஜினின் இடது பக்கம் எழும்பியது பாருங்க... யாரோ கீழேயிருந்து தூக்கிவிட்ட மாதிரி! ரிவர்ஸ் போட்டதும் வலது பக்கம் எழும்பியது. "பவுண்டேஷன் ரெண்டும் பிஞ்சிருச்சு. பின்னால கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிறதும் போயிருச்சு" என்றார். கழற்றிப் பார்த்தால், ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து தோல் உரிந்த மாதிரி தனியா வந்திருந்தது. இன்ஜினிலிருந்து கசிந்த ஆயில் பட்டுப் பட்டு ரப்பர் ஊறிப்போய் அல்வா மாதிரி. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஜென்மப் பகை.

ஏன் பிய்யுதுன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இது இட்லி சாப்பிடுற மாதிரி, மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்ஜின் கொடுக்கிற முறுக்கு 200 நியூட்டன் மீட்டர்னு வைங்க. முதல் கியர் அதை 4 மடங்காக்கும். ஃபோர் லோ இன்னொரு இரண்டரை மடங்கு. ஆக 2,000 நியூட்டன் மீட்டர் ஷாஃப்டுகள் வழியா சக்கரத்துப் பக்கம் போகுது. நியூட்டன் தாத்தா சும்மா விடுவாரா? அதே 2,000 இன்ஜின் - கியர்பாக்ஸ் மொத்தத்தையும் எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தாங்குறது யாரு? நம்ம ரப்பர் கட்டிதான். ரெண்டு மவுண்டுக்கும் நடுவில் அரை மீட்டர் இடைவெளி என்றால், ஒரு பக்கம் கிட்டத்தட்ட 400 கிலோ மேலே இழுக்கும், மறுபக்கம் 400 கிலோ கீழே அமுக்கும். இதில் கியர்பாக்ஸ் மவுண்ட் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும். இருந்தாலும் கணக்கு பயங்கரம்தான். ரப்பரும் இரும்பும் ஒட்டின இடம் எத்தனை அமுக்கினாலும் தாங்கும், இழுத்தா உரிய ஆரம்பிச்சிடும். ஹைவேயில் டாப் கியரில் ஓடுற வண்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மலைத்தோட்டத்தில் ஊர்ந்து ஏறுற வண்டிக்கு தினமும் இதுதான் சாப்பாடு.

இங்கேதான் என் மச்சான் மேடை ஏறினான். மாமா பையன். ஆஃப்ரோடு வீடியோக்களில் குடியிருப்பவன். "பழைய ரப்பரே எதுக்கு? அப்கிரேட் பண்ணுவோம். பாலியூரித்தேன் மவுண்ட் போட்டா பத்து வருஷத்துக்கு அசையாது. இல்லையா, ரப்பரே வேணாம், இரும்புக் கட்டையை வெச்சு நேரா சேசிஸ்ல போல்ட் பண்ணிரலாம்!" என்றான்.

அவன் சொன்னதில் பாதி நியாயம்தான். பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அசராது, கிழியாது, இன்ஜினை இறுக்கிப் பிடிக்கும். போட்டிக்குப் போற வண்டி, ஞாயித்துக்கிழமை மட்டும் சேத்துல குதிக்கிற வண்டிக்கு அது சரியான சாமான். எங்க வண்டிக்கு ஆகாதுன்னு நான் எதிர்க்கட்சியில் உட்கார்ந்தேன்.

காரணம், டைனமிக்ஸ் புத்தகத்தில் பரீட்சைக்காக மட்டுமே நாம் உருப்போடும் அந்த ரூட் 2! நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 750 சுத்து சுத்துனா, நொடிக்கு 25 தடவை வெடிக்குது. அதுதான் நடுக்கத்தின் தாளம். மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் தனக்குன்னு ஒரு ஆட்டம் உண்டு. அது நொடிக்கு 12 தடவைன்னு வைங்க. 25-ஐ 12-ஆல் வகுத்தா 2-க்கு மேல. ரூட் 2-ஐ, அதாவது 1.41-ஐத் தாண்டிட்டோம். ஆக நடுக்கத்தில் மூணில் ஒரு பங்குகூட சேசிஸுக்குப் போகாது. இப்போ மூணு மடங்கு விறைப்பான மவுண்ட் போட்டாச்சு. இன்ஜினின் சொந்த ஆட்டம் 12-லிருந்து 21 கிட்ட ஏறிடும். 25-ஐ 21-ஆல் வகுத்தா 1.2. போச்சா? நடுக்கத்தை வடிகட்ட வேண்டிய மவுண்டே அதைப் பெருக்கி அனுப்பும். காகிதத்தில் ரெண்டு மடங்குக்கு மேல வருது. ரப்பர், பாலியூரித்தேன் எல்லாமே கொஞ்சம் நடுக்கத்தைத் தின்னும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. ஆனா மாமாவோட விரலுக்குப் போற திசை அதுதான்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினேன். மாமா அதை ஒரு பார்வை பார்த்தார். "ரூட்டு கீட்டெல்லாம் இருக்கட்டும் மாப்ள. கை மரக்காம இருக்குமா, அதைச் சொல்லு."

அந்தக் கேள்விதான் மொத்த பட்டிமன்றத்துக்கும் தலைப்பு. இன்ஜின் ஆட்டத்தை யாராலும் ஒழிக்க முடியாது. அதை யார் தலையில் கட்டுறோம் என்பதுதான் விஷயம். ரப்பர் தின்னலாம், சேசிஸ் தின்னலாம், இல்லேன்னா டிரைவர் தின்னணும். 1930 வரைக்கும் பெரும்பாலான கார்களில் டிரைவர்தான் தின்றார். 1931-ல் அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத் காரில் இன்ஜினை ரப்பர் மேல மிதக்க விட்டது. 'ஃப்ளோட்டிங் பவர்' என்று விளம்பரம். நாலு சிலிண்டர் காரில் இவ்வளவு சொகுசான்னு ஆச்சரியப்பட்டாங்க. அடுத்த வருஷமே பிரான்ஸில் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கிக்கொண்டு, அடையாளமா ஒரு அன்னப்பறவையை வரைந்தது. கேவலம் ஒரு ரப்பர் கட்டிக்கு அன்னப்பறவை!

"அப்போ திரும்ப ரப்பரே போட்டு, திரும்பப் பிய்யவா?" - மச்சான் விடவில்லை. நல்ல கேள்வி.

இதற்குப் பதில் அமெரிக்காவின் ஒரு பழைய கூத்தில் இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கிட்டத்தட்ட 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம்? இன்ஜின் மவுண்ட்! ரப்பர் பிய்ந்ததும் இன்ஜின் எழும்பி, ஆக்ஸிலேட்டர் இணைப்பை இழுத்து, வண்டி தானாகப் பாய ஆரம்பித்தது. தீர்வு என்ன தெரியுமா? எல்லா வண்டிக்கும் புது டிசைன் மவுண்ட் போட்டா கட்டுப்படியாகாதே... ஒரு இரும்பு கேபிளை மாட்டி, 'இதுக்கு மேல எழும்பாதே'ன்னு இன்ஜினைக் கட்டி வெச்சாங்க. அவ்வளவுதான்!

பழைய ஜீப்காரர்கள் செய்யும் சங்கிலி வைத்தியமும் இதே ரகம். இன்ஜினின் இடது பக்க பிராக்கெட்டிலிருந்து சேசிஸுக்கு ஒரு கனமான சங்கிலி. ஐடிலிங்கில் அது தொளதொளன்னு இருக்கணும், ஒரு விரல் கனத்துக்கு. அதனால நடுக்கம் சங்கிலி வழியா போகாது. ஃபோர் லோவில் இன்ஜின் எழும்பும்போது மட்டும் விறைத்துக்கொண்டு, இழுவையை ரப்பரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். சாதாரண நேரத்தில் ரப்பர், முரட்டு நேரத்தில் இரும்பு. மெக்கானிக் அண்ணனுக்கு இது ஏற்கெனவே தெரியும். "எங்க வாத்தியார் காலத்து வேலைப்பா இது" என்று சிரித்தார்.

மச்சான் கடைசியா ஒரு சமரசத்துக்கு வந்தான்: முன்னால ரப்பர், கியர்பாக்ஸுக்கு மட்டும் கெட்டியான மவுண்ட். அதை அண்ணனே தடுத்துவிட்டார். மூணு பேர் சேர்ந்து தூக்குற பல்லக்கில் ஒருத்தன் மட்டும் விறைச்சு நின்னா, மொத்த பாரமும் அவன் தோள்லதான். முன்னால இன்ஜின் ஆட, பின்னால கியர்பாக்ஸ் அசையாமல் நின்றால், கியர்பாக்ஸின் அலுமினிய ஓடு விரிசல் விடும். ரப்பரைவிட அதற்குத்தான் விலை அதிகம்!

அத்தை தீர்ப்பு சொன்னார். மூணுமே ஒரிஜினல் ரப்பர், கூட ஒரு சங்கிலி.

வேலை ஒரு பகல் பிடித்தது. ஆயில் சம்ப்புக்கு அடியில் நேரா ஜாக்கி வெச்சா தகடு நசுங்கும் என்பதால் நடுவில் தடிமனான மரக்கட்டை. தூக்கும்போது ஃபேன் ரேடியேட்டரில் இடிக்குதான்னு பார்க்கிற வேலை மச்சானுக்கு. புது மவுண்டை மாட்டி, போல்ட்டை அப்பவே முறுக்கிடக் கூடாது. லூசா விட்டு, இன்ஜினை இறக்கி, கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டிங்கில் விட்டா அது தானா தன் இடத்தில் உட்காரும். அதுக்கப்புறம்தான் முறுக்கணும். சங்கிலிக்கு மேல பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுத்தினோம், கலகலன்னு சத்தம் வராமல் இருக்க. பாலியூரித்தேன் கனவு போன சோகத்தில் மச்சான் ட்யூப்பாவது சிவப்பாக இருக்கட்டும் என்று தேடினான். கிடைக்கலை.

திரும்ப அதே சோதனை. கிளட்ச் பிடித்ததும் இன்ஜின் லேசா தோளைக் குலுக்கியது, சங்கிலி விறைத்தது, அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு ஜீப் ஒரு ஜீப்பாகவே தெரிந்தது. மறுநாள் வண்டியில் ஏறின ஒரு பாட்டி, "ஏப்பா, புது வண்டியா?" என்று கேட்டாராம். மாமா மூணு பேருக்கு போன் போட்டு இதைச் சொல்லிவிட்டார்.

விரல் இன்னமும் மரக்கிறது. முன்னே தினமும், இப்போ வாரத்தில் ரெண்டு மூணு நாள். சீசன் முடிஞ்சதும் மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்கணும்னு அத்தை தேதி குறிச்சு வெச்சிருக்கார். அதற்கு முன்னாடி அந்த ஆயில் கசிவை நிறுத்தணும், இல்லேன்னா புது ரப்பரும் அல்வாதான். கேஸ்கட் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை நானும் மச்சானும்தான் ஸ்பானர் பிடிக்கிறோம்.