நிறைந்த அறையும் வெறுங்கையும்

நிறைந்த பொருளறையே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவன் என் பழைய மாணவன்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று கருதி, 2019ஆம் ஆண்டின் இறுதியில், பெற்றோர் ஆசிரியர் சங்க நிதியில் யு.பி.எஸ்.ஆர். மாதிரித் தேர்வு நூல்கள் 600 வாங்கி அடுக்கினேன். மூன்றாண்டுக் கவலை தீர்ந்தது என மகிழ்ந்தேன். பெருந்தொற்றால் 2020இல் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021இல் தேர்வே அகற்றப்பட்டது. நூல்கள் கறையானுக்கு உணவாயின.

2022இல் ஒருநாள், முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி எழுத ஏடின்றிக் கைகட்டி அமர்ந்திருந்தாள். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியே வழங்கும் கோடிட்ட ஏடு தீர்ந்திருந்தது. பொருளறைக்குச் சென்ற ஆசிரியை வெறுங்கையுடன் திரும்பினார். அறையோ நிறைந்திருந்தது! நான் நாணித் தலைகுனிந்தேன்.

பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தித் திட்டப் பிரிவில் பணிபுரியும் அம்மாணவன், அவ்வாரம் என்னைக் காண வந்தான். நடந்ததைக் கூறினேன்.

"ஐயா, எங்கள் தொழிற்சாலையில் முதற்கேள்வி, எந்தப் பொருள், எத்தனை, எந்நாளில் வேண்டும் என்பதே. அதற்கான உதிரிப் பாகங்களைக் கணக்கிட்டு, கையிருப்பைக் கழித்து, எஞ்சியதையே வாங்குவோம். மொத்தமாக வாங்கினால் வாங்கும் செலவு குறையும். ஆனால் காத்துவைக்கும் செலவு ஏறும். இரண்டும் சேர்ந்து மிகக் குறையும் அளவை 1913இலேயே ஃபோர்ட் ஹாரிஸ் என்னும் அமெரிக்கர் கணித்துக் காட்டினார்" என்றான்.

நான் விலையை மட்டுமே கணக்கிட்டிருந்தேன், காலத்தைக் கணக்கிடவில்லை.

டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோவைப் பற்றியும் கூறினான். அமெரிக்கப் பேரங்காடிகளில் விற்றுப்போன அளவுக்கே தட்டுகள் நிரப்பப்படுவதைக் கருத்திற்கொண்டு, 'கன்பான்' என்னும் அட்டை முறையை அவர் வகுத்தாராம். பயன்படுத்திய பொருளுக்குரிய அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்தது உருவாகும்.

"அப்படியானால் இருப்பே வேண்டாமா?" என்றேன்.

"வேண்டும் ஐயா. 2011இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கியபோது, பாகங்கள் கிடைக்காமல் வாகனத் தொழிற்சாலைகள் நின்றன. அளவான காப்பிருப்பு அவசியம்."

பிறகு தாளில் எழுதிக் காட்டினான். நாளொன்றுக்கு 4 ஏடுகள் செலவாகின்றன. கேட்ட ஏடுகள் வந்து சேர 10 நாள். ஆகவே 40, எதிர்பாராத தாமதத்திற்கு 20. இருப்பு 60ஆகக் குறையும் அன்றே புதியவற்றுக்கு எழுதிவிட வேண்டும். நான்காம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு!

இன்று எங்கள் ஏட்டடுக்கில், அடியிலிருந்து அறுபதாம் ஏட்டின்மேல் ஒரு மஞ்சள் அட்டை உள்ளது. அது வெளிப்பட்டதும் ஆசிரியை அதனை என் மேசைக்கு அனுப்பிவிடுவார். அதன்பின் எந்தப் பிள்ளையும் ஏடின்றி அமர்ந்ததில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவமணிகளே! இருப்பை எண்ணிப் பெருமைகொள்ளுமுன் தேவையை எண்ணிப் பார்ப்போம். அறை நிறைவது சிறப்பன்று. கேட்ட கை நிறைவதே சிறப்பு.